பண்ணையில் குட்டை, கொட்டகை, வேலி: டீசல் வரி திரும்பக் கிடைக்க எந்த வழி?

"அண்ணா, குட்டை வெட்டணும், வைக்கோல் கொட்டகை போடணும், கிழக்குப் பக்கம் முழுக்க வேலி. நானே செஞ்சா டீசல் வரி திரும்ப வருமாம், ஆள் விட்டா வராதாம். பக்கத்துப் பண்ணைக்காரர் என்னடான்னா, கட்டட வேலைக்கெல்லாம் எப்பவுமே கிடையாதுங்கறார். எதை நம்பறது?"

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்து ஷெப்பர்டன் பக்கம் நிலம் வாங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. நான் அந்த வட்டாரத்தில் ஒரு பண்ணை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி அலுவலகத்துக்குப் போகும் பிஏஎஸ் படிவத்தில் 7டி என்று ஒரு கட்டம் உண்டு. எரிபொருள் விலையோடு கட்டிய வரியைத் தொழில் செய்பவருக்குத் திருப்பித் தரும் எரிபொருள் வரி வரவு, இங்கே எல்லாரும் சொல்வதுபோல ஃப்யூவல் டாக்ஸ் கிரெடிட், ஏறுவது அந்தக் கட்டத்தில்தான். அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி என் மேசைக்கு வரும்.

தம்பி கேள்விப்பட்டதில் பாதி சரி. பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னது தப்பு. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

## பழைய பட்டியலின் கதை

டீசல் வரியைத் திருப்பித் தர 1982இல் தொடங்கிய டீசல் ரிபேட் திட்டத்திலும், 2003 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த திட்டத்திலும் பட்டியல்தான் ராஜா. இன்ன தொழில், இன்ன வேலை என்று எழுதியிருப்பார்கள். விவசாயம் பட்டியலில் இருந்தது. வேலி, கொட்டகை, குட்டை போன்ற பண்ணைக் கட்டுமானமும் விவசாயத்தின் கீழ் சேர்ந்திருந்தது. பொதுவான கட்டுமானத் தொழில் பட்டியலில் இல்லை. அதனால் ஒரே இயந்திரம் ஒரே ஆளோடு திங்கட்கிழமை பண்ணையில் குட்டை வெட்டினால் வரி திரும்பும். செவ்வாய்க்கிழமை டவுனில் வீட்டு மனை சமப்படுத்தினால் திரும்பாது. பண்ணையிலேயே விருந்தினர் தங்கும் குடில் கட்டினால் அது விவசாயமா இல்லையா என்று சண்டை வரும். பக்கத்துப் பண்ணைக்காரர் அப்படி ஒரு சண்டையில் தோற்றவராக இருக்கலாம்.

2006 ஜூலை 1 முதல் இன்றைய எரிபொருள் வரிச் சட்டம். அதிலும் பட்டியல் உடனே மறையவில்லை. பட்டியலுக்கு வெளியே இருந்த கட்டுமானம் போன்ற தொழில்களுக்கு 2008 ஜூலையில் பாதி வரவு, 2012 ஜூலையில் முழு வரவு. அப்போதும் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது. கரியமில வாயு வெளியேற்றத்துக்குக் கார்பன் விலை என்று அரசு பணம் வாங்கிய இரண்டு ஆண்டுகள், 2014 ஜூன் முடிய, கட்டுமானத்துக்கான வரவில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள், விவசாயத்துக்குப் பிடிக்கவில்லை. 2012-13இல் விவசாயத்துக்கு லிட்டருக்கு 38.143 சென்ட், பொதுக் கட்டுமானத்துக்கு 31.933 சென்ட். குட்டை வெட்டுவது எந்தப் பக்கம் என்று தலையைப் பிய்த்துக்கொண்ட கடைசிக் காலம் அது.

இன்று கேள்வி ரொம்பச் சின்னது. தொழிலுக்காக எரித்த டீசலா? பொதுச் சாலைக்கு வெளியே எரிந்ததா? ஆம் என்றால், அதில் கட்டியது மாட்டுக் கொட்டகையா திருமண மண்டபமா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்று வழிகள் இருக்கின்றன. சொந்த டிராக்டரோ இயந்திரமோ வைத்து நாமே செய்வது. ஆள் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, டீசல் நாம் ஊற்றுவது. இங்கே டிரை ஹையர் என்பார்கள். இயந்திரம், ஆள், டீசல் எல்லாம் சேர்த்து கான்ட்ராக்டரிடம் விடுவது. அது வெட் ஹையர். மூன்றையும் நான் பார்ப்பது கீழே உள்ள அளவுகோல்களை வைத்துத்தான்.

முதலாவது, டீசலை வாங்கியது யார். நிலம் யாருடையது, கொட்டகை யாருக்கு என்பதெல்லாம் அப்புறம். பில் யார் பெயரில் என்பதில்தான் பாதி வழக்கு முடிந்துவிடும்.

இரண்டாவது, வாங்கிய அன்று நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தீர்களா. இதில்தான் புதிதாக நிலம் வாங்குபவர்கள் விழுகிறார்கள். ஆண்டு விற்றுமுதல் 75,000 டாலரைத் தொடும்வரை பதிவு கட்டாயம் இல்லை என்பதால் பலர் தள்ளிப்போடுவார்கள். பதிவுக்கு முன் வாங்கிய டீசலுக்கு, பிறகு எரித்தாலும், வரவு கிடையாது. ஜிஎஸ்டி பதிவோடு எரிபொருள் வரி வரவுக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இன்னும் ஒரு மூட்டைகூட அறுவடை ஆகவில்லையே, இதைத் தொழில் என்பார்களா என்ற பயம் வேண்டாம். தொழிலைத் தொடங்குவதற்காகச் செய்யும் வேலையும் தொழிலில் சேர்ந்ததுதான். ஆனால் அது நிஜமான தொழிலாக இருக்க வேண்டும். மெல்பர்னில் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் போய் நாலு ஆடு வளர்க்கும் பொழுதுபோக்கு நிலத்துக்கு இந்தக் கதவு திறக்காது.

மூன்றாவது, டீசல் எங்கே எரிந்தது. 2025 ஆகஸ்ட் 4 முதல் ஓடிய விகிதத்தில், சாலைக்கு வெளியே இயந்திரங்களில் எரிந்தால் லிட்டருக்கு 51.6 சென்ட். மொத்த எடை 4.5 டன்னுக்கு மேல் உள்ள லாரி பொதுச் சாலையில் ஓடினால், சாலைக் கட்டணம் 32.4 சென்ட் கழிந்து 19.2 சென்ட்தான். 4.5 டன்னும் அதற்குக் கீழும் உள்ள யூட், அதாவது பின்னால் திறந்த தட்டுள்ள சின்னச் சரக்கு வண்டி, பொதுச் சாலையில் ஓடினால் ஒன்றுமில்லை. அதே யூட் பண்ணைக்குள் வேலிக் கம்பி சுமந்து ஓடினால் முழு 51.6. விகிதம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மாறும், ஜூலையில் சாலைக் கட்டணமும் மாறும். ஆகவே டீசல் வாங்கிய தேதியின் விகிதம்தான் கணக்கு. கீழே நான் போடும் கணக்கெல்லாம் அந்த 2025 ஆகஸ்ட் விகிதத்தில். 2022 மார்ச் 30 முதல் செப்டம்பர் 28 வரை வரியைப் பாதியாகக் குறைத்தபோது வரவும் 22.1 சென்ட்டுக்கு இறங்கியது. சாலையில் ஓடிய லாரிக்கு சுழியம்.

நாலாவது, காகிதம். ஐந்தாவது, வரவுக்கு வெளியே போகும் பணம். இந்த இரண்டும் வழிக்கு வழி வேறுபடும் என்பதால் அங்கங்கே சொல்கிறேன்.

## வழி 1: சொந்த இயந்திரம், சொந்த டீசல்

வரவு முழுக்க உங்களுக்கு. டிராக்டர், அதில் மாட்டும் குழி தோண்டும் கருவி, கான்கிரீட் கலவை இயந்திரம், வெல்டிங்குக்கு ஓடும் ஜெனரேட்டர், குட்டையில் தண்ணீர் இறைக்கும் பம்ப், எல்லாமே சேரும். பெட்ரோலில் ஓடும் சின்ன இன்ஜின்களுக்கும் அதே 51.6 சென்ட், பல பேர் டீசலை மட்டும் எழுதிவிட்டு பெட்ரோல் கேனை மறந்துவிடுகிறார்கள்.

டிராக்டர் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் பொதுச் சாலையில் கொஞ்ச தூரம் ஓடுகிறதே? அதன் முக்கிய வேலைக்கு அந்த ஓட்டம் தற்செயலான துணை என்றால் சாலைக் கட்டணத்தைக் கழிக்க வேண்டியதில்லை. டவுனிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் டிப்பர் லாரியின் கதை வேறு. அதன் வேலையே சாலையில் ஓடுவது. அதற்கு 19.2 சென்ட், பண்ணை வாசலைத் தாண்டி உள்ளே ஓடும் தூரத்துக்கு மட்டும் 51.6. லாரி 1996க்கு முந்தையது என்றால் புகை தொடர்பான சுற்றுச்சூழல் நிபந்தனை ஒன்றையும் தாண்ட வேண்டும். விவசாயத் தொழிலில், பெரும்பாலும் பண்ணை நிலத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பழைய லாரியை வைத்துக் குட்டை மண் அள்ளினால் கவலை இல்லை.

இனி சங்கடமான பகுதி. இந்த வழியில்தான் வரவு அதிகமாக வரும். ஏன் அதிகம்? டீசல் அதிகம் எரிவதால். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நடுத்தரக் குட்டை ஒன்றை 20 டன் எக்ஸ்கவேட்டர், நம் ஊரில் பொக்லைன் என்போமே, அது 40 மணி நேரத்தில் வெட்டி முடிக்கிறது, மணிக்கு 15 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600 லிட்டர். வரவு 309 டாலர் 60 சென்ட். அதே குட்டையை முன்பக்க வாளி மாட்டிய டிராக்டரில் 100 மணி நேரம், மணிக்கு 12 லிட்டர் என்று வெட்டினால் 1,200 லிட்டர். வரவு 619 டாலர் 20 சென்ட். ஆகா, இரண்டு மடங்கு என்று தோன்றும். டீசல் லிட்டர் 1.80 டாலர் என்றால், அதிலுள்ள ஜிஎஸ்டியும் வரி வரவும் திரும்ப வந்தபின் உங்கள் கையிலிருந்து போவது லிட்டருக்கு ஏறத்தாழ 1.12 டாலர். பொக்லைனுக்கு 672 டாலர், டிராக்டருக்கு 1,344 டாலர். திரும்பி வந்த பணத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர், அது தான் கட்டிய வரி என்பதை மறந்துவிடுகிறார். மிச்சமுள்ள அறுபது மணி நேரத்துக் கூலி, கிளட்ச் தேய்மானம், டயர் எல்லாம் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அதைவிடப் பெரிய மறைமுகச் செலவு குட்டையின் கரை. களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, சரியான ஈரத்தில் இறுக்க வேண்டும். அது பழகிய கை செய்யும் வேலை. கசியும் குட்டையை வரி வரவு அடைக்காது.

காகிதம்: இந்த வழியில் பில் எளிது, பிரிப்பதுதான் கஷ்டம். மொத்த டாங்கியில் டீசல் இறங்குகிறது. அதிலிருந்து டிராக்டருக்குப் போகிறது, யூட்டுக்குப் போகிறது, சிலசமயம் மனைவியின் டீசல் காருக்கும் போகிறது. எங்கள் பண்ணை டாங்கியில் ஆணி அடித்து ஒரு நோட்டு தொங்கும், நூலில் பேனா. ஒருமுறை அதில் "பொக்லைன் 180" என்று மட்டும் எழுதி, மேலே கிரீஸ் கட்டைவிரல் ரேகை. தேதி இல்லை, எந்த பொக்லைன் என்று இல்லை. அதை ஒரு பில்லோடு பொருத்த எனக்கு ஒரு மதியம் போயிற்று. அன்றிலிருந்து, இயந்திரம் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரை வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் போனில் படம் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

பிரிக்க இரண்டு வழி உண்டு. மொத்தத்திலிருந்து தகுதியில்லாததை, அதாவது யூட்டின் சாலை ஓட்டம், கார், வீட்டு வேலை ஆகியவற்றைக் கழிப்பது ஒன்று. மணி மீட்டரை வைத்துத் தகுதியுள்ளதைக் கூட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. நியாயமாக இருந்தால் எதையும் ஏற்பார்கள். ஆண்டு முழுக்க 10,000 டாலருக்குள் கோருபவர்களுக்கு இன்னும் சுலபம்: அந்தக் காலாண்டின் கடைசியில் உள்ள விகிதத்தையே மொத்தத்துக்கும் போட்டுக்கொள்ளலாம்.

கழிக்க மறக்கக் கூடாதவை சில. டீசல் வண்டியின் புகையைச் சுத்தமாக்க ஊற்றும் ஆட்புளூ எரிபொருள் இல்லை, டீசல் பில்லிலேயே சேர்ந்து வந்தாலும் அதற்கு வரவு கிடையாது. டாங்கியிலிருந்து திருடு போன டீசலுக்கும் இல்லை. குட்டை வெட்டிய கையோடு உங்கள் வீட்டு நீச்சல் குளத்துக்கும் இரண்டு நாள் தோண்டினால், அந்த இரண்டு நாள் டீசல் சொந்தச் செலவு.

## வழி 2: இயந்திரம் வாடகை, டீசல் நம்முடையது

வரவு விஷயத்தில் இது முதல் வழிக்குச் சமம். இயந்திரம் யாருடையது என்று சட்டம் கேட்பதில்லை, டீசலை வாங்கித் தொழிலுக்கு எரித்தது யார் என்றுதான் கேட்கிறது. நீங்கள் ஊற்றிய ஒவ்வொரு லிட்டருக்கும் 51.6. பொக்லைனின் டாங்கியை வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நிரப்பினால் லிட்டர் கணக்கு தானாக வந்துவிடும். காகிதப்படி இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

பணம் ஓடுவது வேறு இடங்களில். இயந்திரத்தை ஏற்றிவரும் தாழ்தள லாரிக்கு போகவும் வரவும் தனி வாடகை. சேதக் காப்பு என்று தினமும் ஒரு தொகை. வார வாடகையில் இத்தனை மணி நேரம்தான் என்று ஒரு வரம்பு பெரும்பாலும் இருக்கும். மீட்டர் அதைத் தாண்டினால் மேல் பணம். பழக்கமில்லாத நீங்கள் 40 மணி வேலையை 60 மணியில் செய்வீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் 900 லிட்டர், வரவு 464 டாலர் 40 சென்ட். டீசல் கைச்செலவு 1,008 டாலர். வரம்பு தாண்டிய இருபது மணி நேரத்து மேல் வாடகை அந்த வரவைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். நடுவில் இரண்டு நாள் மழை பெய்தால், சேற்றில் நிற்கும் இயந்திரத்துக்கும் வாடகை ஓடும்.

இன்னொன்று, நானே சொதப்பியது. ஒருமுறை பொக்லைனைப் பாதி டாங்கியோடு திருப்பி அனுப்பிவிட்டோம். வாடகைக் கடை நிரப்பிக்கொண்டு, பில்லின் கடைசி வரியில் "மறுநிரப்பல்" என்று ஒரு தொகை மட்டும் போட்டிருந்தது. லிட்டர் இல்லை. பங்க் விலையைவிட நன்றாகவே அதிகம். லிட்டர் தெரியாத தொகையை 7டியில் எப்படி ஏற்றுவது? நான் உத்தேசமாக ஒரு எண்ணை ஏற்றினேன். அடுத்த காலாண்டில் கடை லிட்டர் கணக்கோடு பில்லை மாற்றித் தந்தபோது நான் போட்டது அதிகம் என்று தெரிந்து, அதிகம் கோரியதைத் திருத்தும் 7சி கட்டத்தில் திருப்பிக் கட்டினேன். தொகை சின்னது. வெட்கம் பெரியது. இப்போது இயந்திரம் கிளம்பும் முன் நம் டீசலாலேயே நிரப்பிவிடுவது வழக்கம்.

இந்த வழி எப்போது நல்லது? பொக்லைன் ஓட்டத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்து, வேலை மூன்று நான்கு நாளில் முடியக்கூடியதாக இருந்து, தப்பு நடந்தாலும் சரிசெய்யக்கூடிய வேலையாக இருந்தால். கொட்டகைக்குத் தளம் சமப்படுத்துவது, குழாய்க்குப் பள்ளம் எடுப்பது, பாதை போடுவது இதற்கு ஏற்றவை. குட்டைக் கரைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழி 3: கான்ட்ராக்டரிடம் முழுசாக

வரவு உங்களுக்கு இல்லை. டீசலை வாங்கியவர் கான்ட்ராக்டர், தொழில் அவருடையது, அவர் கோருவார். "அப்ப அரசாங்கம் எனக்குத் தர வேண்டியதை அவர் தின்னுடறாரா?" என்று தம்பி கேட்டான். அப்படி இல்லை. மணிக்கு இவ்வளவு என்று அவர் விலை சொல்லும்போதே, தனக்கு டீசல் வரி திரும்பும் என்று தெரிந்துதான் சொல்கிறார். சொல்கிறாரா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. 40 மணி நேரத்தில் 309 டாலர் என்பது மணிக்கு ஏழே முக்கால் டாலர் பக்கம். இரண்டு கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டால் அதைவிடப் பெரிய வித்தியாசம் தானாக வரும். அதனால் பேரத்தில் வரி வரவைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காமல், இன்னொரு விலை கேளுங்கள்.

காகிதம் உங்களுக்கு ஒரே ஒரு பில். அதிலுள்ள ஜிஎஸ்டியை வழக்கம்போல் எடுத்துக்கொள்ளலாம். டீசல் நோட்டு, மீட்டர் படம் ஒன்றும் வேண்டாம்.

சிக்கல் வருவது நடுவழியில். கான்ட்ராக்டர் மூன்றாவது நாள் வந்து, "என் டேங்கர் வரல, உங்க டாங்கியில இருந்து ஊத்திக்கட்டுமா?" என்பார். நீங்களும் நல்ல மனசோடு சரி என்பீர்கள். இப்போது அந்த டீசல் யாருடையது? அவருக்கு விற்று, பில் தொகையில் கழித்துக்கொண்டால், வாங்கியவர் அவர், வரவு அவருக்கு. விற்காமல் உங்கள் வேலைக்காக நீங்களே தந்தீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டிவரும். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு பேரும் கோருவார்கள். ஒரே லிட்டருக்கு இரண்டு பேர் கோர முடியாது. நான் தம்பியிடம் சொன்னது: வேலை தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் ஒரு வரி, "டீசல் கான்ட்ராக்டருடையது, பண்ணை டாங்கியிலிருந்து எடுத்தால் லிட்டர் கணக்கில் அவருக்கு விற்கப்படும்" என்று. நாகரிகக் குறைவாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். இங்கே கான்ட்ராக்டர்கள் இதைக் கேட்டுப் பழகியவர்கள்.

பாதி வெட் ஹையர் என்று ஒன்றும் உண்டு: ஆளும் இயந்திரமும் அவருடையது, டீசல் நம்முடையது என்று முதலிலேயே பேசிக்கொள்வது. மணி விலை குறையும். டாங்கியில் மொத்த விலைக்கு வாங்கிய டீசல் நிறைய இருந்தால் யோசிக்கலாம். ஆனால் அது வரவு யாருக்கு என்ற அதே கேள்வியில்தான் கொண்டுபோய் நிறுத்தும், ஒப்பந்தத்தை உங்கள் கணக்கரிடம் காட்டாமல் செய்யாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | சொந்த இயந்திரம் | இயந்திரம் மட்டும் வாடகை | கான்ட்ராக்டர் |
|---|---|---|---|
| வரவு யாருக்கு | உங்களுக்கு | உங்களுக்கு | கான்ட்ராக்டருக்கு |
| நம் உதாரணக் குட்டைக்கு டீசல் | 1,200 லிட்டர் | 900 லிட்டர் | 600 லிட்டர் |
| வரவுத் தொகை, 51.6 சென்ட் கணக்கில் | 619.20 டாலர் | 464.40 டாலர் | 309.60 டாலர், அவர் விலைக்குள் அடக்கம் |
| நீங்கள் வைக்க வேண்டிய காகிதம் | டீசல் பில், டாங்கி நோட்டு, மணி மீட்டர் | டீசல் பில், மீட்டர் | வேலை பில் மட்டும் |
| கண்ணில் படாத செலவு | நேரம், தேய்மானம், கசிவு | ஏற்றுக் கூலி, மணி வரம்பு, மழை நாள் | நடுவில் ஊற்றும் டீசல் |
| எந்த வேலைக்கு | வேலி, சின்னப் பழுது | தளம், பள்ளம், பாதை | குட்டை, பெரிய மண் வேலை |

## வரவைவிடப் பெரிய தொகை வேறு இடத்தில்

இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே தூக்கம் வராது. கட்டுமானத்தில் எதைக் கட்டுகிறீர்கள் என்பது டீசல் வரவுக்கு இன்று முக்கியம் இல்லை, வருமான வரிக்கு ரொம்ப முக்கியம். விவசாயத் தொழில் செய்பவர் 2015 மே 12க்குப் பிறகு வேலி போட்டாலோ, குட்டை, ஆழ்துளைக் கிணறு, தண்ணீர்த் தொட்டி போன்றவை அமைத்தாலோ, செலவு முழுவதையும் அதே ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். 2018 ஆகஸ்ட் 19 முதல் தீவனம் சேமிக்கும் கட்டுமானத்துக்கும் அதே சலுகை: வைக்கோல் கொட்டகை, சைலோ எல்லாம் இதில் வரும். டிராக்டர் நிறுத்தும் கொட்டகை வராது. அதைப் பெரும்பாலும் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று நாற்பது ஆண்டு இழுக்க வேண்டும்.

தம்பியின் திட்டத்தில் கொட்டகை "வைக்கோலும் டிராக்டரும்" என்று இருந்தது. முக்கியமாக எதற்கு என்பதைக் கட்டும் முன்பே கணக்கரிடம் பேசி முடிவு செய்யச் சொன்னேன். அந்த ஒரு பேச்சின் மதிப்பு, மூன்று குட்டை வெட்டும் டீசல் வரவைவிட அதிகம்.

திரும்பி வரும் வரி வரவும் பொதுவாக உங்கள் வருமானத்தில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். 619 டாலர் வந்தால் 619ம் கையில் நிற்காது.

## தம்பி என்ன செய்தான்

குட்டையைக் கான்ட்ராக்டரிடம் விட்டான். மூன்று பேரிடம் விலை கேட்டதில் மணிக்கு 25 டாலர் வித்தியாசம் வந்தது. டீசல் வரவைப் பற்றிய கவலை அத்தோடு போயிற்று. வைக்கோல் கொட்டகைக்கான தளத்தை, பொக்லைன் ஓட்டத் தெரிந்த மைத்துனன் வந்திருக்கும் வாரத்தில் வாடகை இயந்திரத்தில் செய்யப்போகிறான். வேலி அவனே, டிராக்டரில் குழி தோண்டும் கருவியை மாட்டி.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனைப் பிடித்து நிறுத்தினேன். 2,000 லிட்டர் டீசலுக்கு ஆர்டர் கொடுக்கும் நேரத்தில் ஜிஎஸ்டி பதிவு வந்துவிட்டதா என்று கேட்டேன். வரவில்லை. டீசல் விலை ஏறப்போகிறது என்று அவசரப்பட்டான். 2,000 லிட்டருக்கு 1,032 டாலர் வரவு, பதிவுக்கு ஒரு நாள் முன்னால் வாங்கினாலும் போய்விடும். விலை பத்து சென்ட் ஏறினாலும் நஷ்டம் 200 டாலர்தான். காத்திருந்தான். பதிவுத் தேதிக்கு மறுநாள் லாரி வந்தது.

இதற்கு முன்பே செய்த செலவு ஏதாவது விட்டுப்போயிருந்தால் நான்கு ஆண்டு வரை பின்னோக்கிக் கோரலாம். காகிதங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். பதிவோடு இருந்தும் கோராமல் விட்டவர்கள், பழைய டீசல் பில்களை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். நான்கு ஆண்டு தாண்டிய பில் வெறும் காகிதம்தான்.

தம்பியின் டாங்கிக்குப் பக்கத்திலும் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. நேற்று முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். "வேலிக் குழி, டிராக்டர், 40 லிட்டர்." தேதி போடவில்லை. போன் செய்து போடச் சொன்னேன்.